அன்எம்ப்ளாய்மெண்ட் பணம் வாங்கிய வருடத்தில் டாக்ஸ் ஃபைல் செய்வது: 1099-ஜி படிவத்தைச் சாஃப்ட்வேரில் சரியாகப் போடும் முறை

2024-இல் எனக்கு வேலை போனது. அலுவலகம் நியூயார்க் மன்ஹாட்டனில், வீடு நியூ ஜெர்சி எடிசனில். இருபது வாரம் வேலையிழப்பு உதவித்தொகை வாங்கினேன். இங்கே எல்லோரும் அன்எம்ப்ளாய்மெண்ட் என்றுதான் சொல்கிறோம். மறு வருடம் பிப்ரவரியில் வழக்கம்போல் லேப்டாப்பைத் திறந்து, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் போட்டு அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித்துறை) கடிதம் வந்தது. நான் போட்ட ஒரே ஒரு எண் தவறு. அதைச் சரிசெய்ய இரண்டு மாதமும், பல இரவுத் தூக்கமும் போயின. முதல் முறையாக இந்தப் பணத்தைக் கணக்கில் காட்டப்போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இந்த உதவித்தொகை கிடைக்குமா, எச்-4 இ.ஏ.டி. (எச்-1பி துணைவருக்கான வேலை அனுமதி) இருந்தால் கிடைக்குமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. பணம் வாங்கியாகிவிட்டது, வரியில் எப்படிக் காட்டுவது என்பது மட்டும்தான் இங்கே. அடுத்தது, ஃபெடரல் (மத்திய அரசு) வரியைப் பொறுத்தவரை இந்தப் பணம் முழுவதும் வருமானம்தான். "10,200 டாலர் வரை வரி கிடையாது" என்று யாராவது சொன்னால், அது கோவிட் சமயத்தில் 2020 வருமானத்துக்கு மட்டும் கொடுத்த சலுகை. அதற்குப் பிறகு எந்த வருடத்துக்கும் அது இல்லை. பழைய வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

1. முதலில் 1099-ஜி படிவத்தைக் கையில் எடுங்கள்

படிவம் இல்லாமல் சாஃப்ட்வேரைத் திறக்கவே வேண்டாம். உங்களுக்குப் பணம் கொடுத்த மாநிலத் தொழிலாளர் துறை, ஜனவரி 31-க்குள் 1099-ஜி என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். பல மாநிலங்கள் இதைத் தபாலில் அனுப்புவதில்லை. வாராவாரம் கிளெய்ம் போட்ட அதே இணையக் கணக்கில் நுழைந்து நாமேதான் இறக்கிக்கொள்ள வேண்டும். நான் தபால் பெட்டியைப் பார்த்துப் பார்த்தே மூன்று வாரம் வீணாக்கினேன்.

கணக்கில் நுழைவதே சிலருக்குப் பெரிய வேலையாகிவிடும். அவசரத்தில் பழைய ஆபீஸ் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருப்பார்கள். இப்போது அந்த மின்னஞ்சலுக்குள் போகவே முடியாது. ஜனவரி முதல் வாரத்திலேயே ஒருமுறை நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்ட் மாற்றத் தொலைபேசியில் காத்திருக்க வேண்டியிருந்தால் அப்போதே காத்திருப்பது நல்லது. மார்ச் மாதம் அந்த வரிசை இன்னும் நீளும்.

பணம் கொடுப்பது நீங்கள் வேலை பார்த்த மாநிலம், குடியிருக்கும் மாநிலம் அல்ல. எடிசனில் வீடு இருந்தாலும் என் படிவம் நியூயார்க்கிலிருந்துதான் வந்தது. இரண்டு மாநிலங்களில் வாங்கியிருந்தால் இரண்டு படிவங்கள்.

கூடவே இவற்றையும் மேசையில் வையுங்கள்: வேலை பார்த்த எல்லா இடங்களின் டபிள்யூ-2 சம்பளப் படிவம் (வேலையை விட்டு அனுப்பும்போது தரும் செவரன்ஸ், பாக்கி விடுப்புக்குக் கொடுத்த பணம் எல்லாம் இதில்தான் வரும், 1099-ஜியில் வராது), மார்க்கெட்பிளேஸில் (அரசின் காப்பீட்டுச் சந்தை) மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் 1095-ஏ, 401(கே) ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்திருந்தால் 1099-ஆர், போன வருட ரிட்டர்னின் (அனுப்பிய வரிக் கணக்கின்) நகல். கடைசியில் இ-ஃபைல் கையெழுத்துக்குப் போன வருட ஏ.ஜி.ஐ. (சில கழிவுகளுக்குப் பிந்தைய மொத்த வருமானம்) எண்ணைக் கேட்பார்கள், அதற்குத்தான் அந்த நகல்.

2. கட்டங்களைப் படியுங்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டை அல்ல

நான் சறுக்கிய இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நியூயார்க்கில் அப்போது அதிகபட்ச உதவித்தொகை வாரத்துக்கு 504 டாலர். வரிப் பிடித்தம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் டிக் செய்திருந்தேன். ஃபெடரலுக்கு 10 சதவீதம், நியூயார்க்குக்கு 2.5 சதவீதம். அதாவது 50.40, 12.60. மிச்சம் 441 டாலர் வாராவாரம் பேங்க்கில் விழுந்தது. இருபது வாரத்துக்கு 8,820.

சாஃப்ட்வேர் "எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று கேட்டபோது என் கணவர் பேங்க் ஆப்பைத் திறந்து, "8,820 தானே வந்திருக்கு?" என்றார். கையில் வந்தது அவ்வளவுதானே என்று நானும் அதையே போட்டேன். படிவத்தின் 1-ஆம் கட்டத்தில் இருந்தது 10,080. பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகை. அதே படிவத்தின் ஒரு நகல் ஐ.ஆர்.எஸ். கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. 1,260 டாலர் இடிக்கிறது என்று அது கண்டுபிடிக்காமல் இருக்குமா?

நீங்கள் பார்க்க வேண்டிய கட்டங்கள் நான்குதான்.

கட்டம் 1: மொத்த உதவித்தொகை. வருமானமாகப் போட வேண்டியது இந்த எண்.

கட்டம் 4: ஃபெடரலுக்குப் பிடித்தது. எனக்கு 1,008. இதைப் போடாமல் விட்டால் நீங்கள் ஏற்கெனவே கட்டிய வரி உங்களுக்கு வரவு வைக்கப்படாது.

கட்டம் 11: மாநிலத்துக்குப் பிடித்தது. எனக்கு 252. பக்கத்தில் 10-ஆம் கட்டத்தில் எந்த மாநிலம், அதன் அடையாள எண் என்ன என்று இருக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள்.

கட்டம் 2: இது உதவித்தொகையே அல்ல. போன வருட மாநில வரியில் திரும்ப வந்த ரீஃபண்ட். மாநில வரித்துறையும் 1099-ஜி என்ற அதே பெயரில்தான் படிவம் கொடுக்கிறது. அதனால் உங்களிடம் இரண்டு 1099-ஜி இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த ரீஃபண்ட் தொகையையும் அன்எம்ப்ளாய்மெண்ட் பக்கத்தில் போட்டு, கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டிவிட்டார். ரீஃபண்டுக்குத் தனித் திரை உண்டு. போன வருடம் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்திருந்தால் பெரும்பாலும் அதற்கு வரியே வராது.

வருடக் கணக்கு பணம் கைக்கு வந்த தேதியை வைத்துத்தான். டிசம்பர் கடைசி வாரத்துக்கான பணம் ஜனவரியில் வந்திருந்தால் அது அடுத்த வருட வருமானம்.

3. எந்தச் சாஃப்ட்வேர், எவ்வளவு செலவு

"இலவசம்" என்ற சொல்லை நம்பிப் பாதி வரை போனபின் பணம் கேட்பதுதான் இங்கே பொதுவான வலி. டர்போடாக்ஸின் இலவசப் பதிப்பு அன்எம்ப்ளாய்மெண்ட் 1099-ஜியை ஏற்காது. கட்டணப் பதிப்புக்கு மாறச் சொல்லும். ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ-வில் ஃபெடரல் இலவசம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் 2024 வருமான ரிட்டர்னுக்குச் சுமார் 15 டாலர். கேஷ் ஆப் டாக்ஸஸ் முழுவதும் இலவசம், ஆனால் என்னைப்போல் இரண்டு மாநிலங்களில் ஃபைல் செய்ய வேண்டியவர்களுக்கு ஆகாது.

வேலை போன வருடத்தில் வருமானம் இறங்கியிருக்கும் என்பதால், ஐ.ஆர்.எஸ். தளத்தில் உள்ள ஃப்ரீ ஃபைல் பக்கத்தை முதலில் பாருங்கள். 2024 வருமானத்துக்கு ஏ.ஜி.ஐ. 84,000 டாலருக்குள் இருந்தால் அதில் இடம் உண்டு. உங்கள் வருடத்துக்கான வரம்பை அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நேரடியாகக் கம்பெனித் தளத்துக்குப் போனால் அதே சலுகை கிடைக்காது. இதற்கு மேலும் உதவி வேண்டுமென்றால் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் நடக்கும் வீட்டா முகாம்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். அங்கேயும் வருமான வரம்பு உண்டு. பிப்ரவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

4. சரியான திரையில் போடுங்கள்

வருமானம் பகுதியில் "அன்எம்ப்ளாய்மெண்ட்" அல்லது "1099-ஜி" என்ற பெயரில் தனித் திரை இருக்கும். அங்கேதான் போட வேண்டும். டபிள்யூ-2 திரையில் போடக் கூடாது. "இதர வருமானம்" திரையிலும் போடக் கூடாது. மொத்த வருமானம் எப்படியும் ஒன்றுதானே என்று தோன்றும். ஃபெடரலில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் மாநிலக் கணக்கில், "இது அன்எம்ப்ளாய்மெண்ட், இதற்கு எங்களிடம் வரி இல்லை" என்று சாஃப்ட்வேர் கழிப்பது அந்தத் திரையில் போட்டால் மட்டும்தான். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தங்கை "இதர வருமானம்" என்று போட்டதால் மாநில வரி அநியாயத்துக்கு ஏறி நின்றது. திரையை மாற்றிப் போட்டதும் இறங்கிவிட்டது.

கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்தால், பணம் யாருடையது என்று மேலே ஒரு தேர்வு இருக்கும். பெரும்பாலும் முதல் பெயர் தானாகத் தேர்வாகியிருக்கும். படிவத்தில் உள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் யாருடையதோ அவர் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, போட்டாகிவிட்டது. அடுத்ததைத் தவறாமல் செய்யுங்கள்: அனுப்புவதற்கு முன் பிடிஎஃப்-ஐத் திறந்து மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். 1040 என்ற முதன்மைப் படிவத்தின் இணைப்பான ஷெட்யூல் 1-இல் 7-ஆம் வரியில் கட்டம் 1-இன் தொகை இருக்க வேண்டும். 1040-இல் 8-ஆம் வரியில் அது சேர்ந்திருக்க வேண்டும். 1040-இல் 25பி வரியில் கட்டம் 4-இன் தொகை இருக்க வேண்டும். இந்தப் பணத்துக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் கிடையாது. அப்படி ஏதாவது கணக்கில் ஏறியிருந்தால் தவறான திரையில் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருந்தால் கடிதமே வந்திருக்காது.

5. மாநில ரிட்டர்ன்: இங்கேதான் சாஃப்ட்வேருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டும்

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்கள் இந்த உதவித்தொகைக்கு வரி போடுவதில்லை. டெக்சஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டனில் சம்பளத்துக்கே மாநில வரி இல்லை. நியூயார்க் போடும். ஒரே மாநிலத்தில் வேலையும் வீடும் என்றால் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும்; அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள்.

நியூ ஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்த்தவர்கள் மட்டும் இருங்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறோம்.

நியூயார்க்கில் செய்த வேலைக்காகக் கிடைத்த உதவித்தொகை என்பதால், அங்கே குடியிருக்காவிட்டாலும் நியூயார்க் அதற்கு வரி கேட்கும். நியூயார்க்குக்கு ஐ.டி.-203 என்ற படிவம். அதில் ஃபெடரல் தொகைக்கு ஒரு பத்தி, நியூயார்க் தொகைக்கு ஒரு பத்தி. "இதில் நியூயார்க்கிலிருந்து வந்தது எவ்வளவு?" என்று சாஃப்ட்வேர் கேட்கும்போது காலியாக விட்டால் சுழியம் என்று எடுத்துக்கொண்டுவிடலாம். முழு வேலையும் நியூயார்க்கில் என்றால் முழுத் தொகையையும் போடுங்கள்.

அப்புறம் நியூ ஜெர்சி. இது அந்தப் பணத்தை வருமானமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வேறு மாநிலத்துக்குக் கட்டிய வரிக்கு நியூ ஜெர்சி கொடுக்கும் க்ரெடிட் (வரித் தள்ளுபடி), இரண்டு மாநிலமும் வரி போட்ட வருமானத்துக்கு மட்டும்தான். ஆகவே க்ரெடிட் கணக்கிடும் என்.ஜே.-சி.ஓ.ஜே. படிவத்தில் "வேறு மாநிலம் வரி விதித்த வருமானம்" என்ற இடத்தில் உங்கள் அன்எம்ப்ளாய்மெண்ட் தொகை சேர்ந்திருந்தால் கையால் கழிக்க வேண்டும். என் சாஃப்ட்வேர் 10,080-ஐயும் சேர்த்தே காட்டியது. கழித்தபின் க்ரெடிட் குறைந்தது. வருத்தம்தான், ஆனால் சரியான கணக்கு அதுதான்.

வரிசையும் முக்கியம். முதலில் ஃபெடரல், அடுத்து நியூயார்க், கடைசியில் நியூ ஜெர்சி. குடியிருக்கும் மாநிலத்தை முதலில் முடித்தால் க்ரெடிட் கணக்கு தப்பாகிவிடும்.

6. வரி பாக்கி வந்தால் பதறாதீர்கள்

பிடித்தம் வைத்திருந்தவர்களுக்கும் பாக்கி வரும். ஃபெடரல் பிடித்தம் 10 சதவீதம் மட்டும்தான்; அதை மாற்ற முடியாது. கணவரோ மனைவியோ சம்பாதிக்கும் குடும்பத்தில் அந்தப் பணத்துக்கு 22 சதவீதம் வரி என்றால், 10,080-க்கு 2,217 டாலர் ஆகிறது. பிடித்தது 1,008. மிச்சம் 1,209 கைக்காசு. பிடித்தமே வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு முழுத் தொகையும் விழும். இப்போது உதவித்தொகை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் மாநிலத் தளத்திலோ டபிள்யூ-4வி படிவத்திலோ பிடித்தத்தை இன்றே தொடங்கலாம். அதுவும் போதாது என்று தெரிந்தால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் 1040-இ.எஸ். என்ற முன்கூட்டிய வரித் தவணையாகக் கட்டிவிடலாம்.

பணம் இல்லை என்பதற்காக ஃபைல் செய்யாமல் மட்டும் இருக்காதீர்கள். கட்டாததற்கு அபராதம் மாதத்துக்கு பாக்கியில் 0.5 சதவீதம். ஃபைலே செய்யாததற்கு மாதத்துக்கு 5 சதவீதம். ஏப்ரல் 15-க்குள் ஃபைல் செய்துவிட்டு ஐ.ஆர்.எஸ். தளத்தில் தவணைக்கு விண்ணப்பியுங்கள். 180 நாளுக்குள் கட்டுவதாக இருந்தால் தவணை ஏற்பாட்டுக்கு எந்தக் கட்டணமும் இல்லை. வட்டியும், கட்டாததற்கான அபராதமும் மட்டும் ஓடும். 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். அந்த அவகாசம் ஃபைல் செய்யத்தான், பணம் கட்ட அல்ல.

மார்க்கெட்பிளேஸில் மானியத்தோடு காப்பீடு எடுத்தவர்கள் கவனியுங்கள். மானியக் கணக்கில் அன்எம்ப்ளாய்மெண்ட்டும் வருமானம்தான். 1095-ஏ-வைப் போட்டவுடன் ரீஃபண்ட் சட்டென்று குறைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

7. படிவத்தில் உள்ளது சரியில்லை என்றால்

கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று மாநிலம் திரும்பக் கேட்டு, அதே வருடத்தில் நீங்கள் திருப்பிக் கட்டியிருந்தால், சாஃப்ட்வேரில் "திருப்பிக் கட்டிய தொகை" என்ற கேள்விக்கு அந்த எண்ணைக் கொடுங்கள். கட்டம் 1-ஐ நீங்களாகக் குறைத்துப் போடாதீர்கள். வேறு வருடத்தில் திருப்பிக் கட்டியிருந்தால் கணக்கு வேறு: 3,000 டாலருக்கு மேல் என்றால்தான் சலுகை. அப்படியானால் ஒரு வரி நிபுணரிடம் போவது நல்லது.

வாங்காத பணத்துக்கு 1099-ஜி வந்தால் யாரோ உங்கள் பெயரில் திருடியிருக்கிறார்கள். மாநிலத் துறையிடம் உடனே புகார் செய்து திருத்திய படிவம் கேளுங்கள். அது வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உண்மையில் வாங்கிய வருமானத்தை மட்டும் காட்டி நேரத்துக்கு ஃபைல் செய்யலாம். புகார் எண்ணையும் தேதியையும் பத்திரமாக வையுங்கள்.

8. அனுப்பிய பிறகு தவறு தெரிந்தால்

இ-ஃபைல் செய்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வரும்; ரீஃபண்ட் இருந்தால் பெரும்பாலும் 21 நாளுக்குள். அனுப்பிய பிறகு தவறு கண்ணில் பட்டால் முதல் ரிட்டர்ன் முடியும் வரை பொறுத்திருந்து, அதே சாஃப்ட்வேரில் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போடுங்கள். கடிதம் வரும் முன் நீங்களே திருத்தினால் வட்டி குறையும்.

எனக்கு வந்தது சி.பி.2000 என்ற கடிதம். முதல் பக்கத்தைப் பார்த்ததும் கை நடுங்கியது. அது அபராத உத்தரவு அல்ல, "எங்களிடம் உள்ள எண் இது, நீங்கள் காட்டியது இது, ஒப்புக்கொள்கிறீர்களா?" என்ற கேள்விதான். உள்ளே ஒரு அட்டவணை. ஒரு பத்தியில் நான் காட்டிய 8,820, பக்கத்தில் 10,080. வித்தியாசத்துக்கு 277 டாலர் வரி, மேலே வட்டி. பதில் கொடுக்க 30 நாள் கொடுத்திருந்தார்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பினேன், பணத்தை ஐ.ஆர்.எஸ். தளத்தின் டைரக்ட் பே வழியாகக் கட்டணம் இல்லாமல் கட்டினேன். முழுவதையும் ஒப்புக்கொண்டால் தனியாக 1040-எக்ஸ் தேவையில்லை.

ஆனால் மாநிலத்தை மறந்துவிடாதீர்கள். ஃபெடரல் எண் மாறினால் 90 நாளுக்குள் நியூயார்க்குக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும். ஐ.டி.-203-எக்ஸ் போட்டு அதையும் முடித்தேன். அந்தக் கடிதம், என் பதிலின் நகல், பணம் கட்டிய ரசீது, 1099-ஜி நான்கையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். கவரின் மேல் 10,080 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.